பெட்டியைத் திறக்கும் முன்: நாடு கடந்த செக் இசையறிஞரின் தாள்களைக் காப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். 1939-இல் பிராக் நகரை விட்டு அமெரிக்கா போன ஒரு இசை ஆய்வாளர். அவர் மறைந்து பல வருடங்கள் கழித்து, பேரப்பிள்ளைகள் 11 அட்டைப்பெட்டிகளை நீங்கள் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்திடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கடிதம், இசைத்தாள், குறிப்பு அட்டை, புகைப்படம், ஒலித்தட்டு எல்லாம் கலந்து கிடக்கின்றன. "செக், ஜெர்மன், ஆங்கிலம் என்று மொழிவாரியாகப் பிரித்துவிட்டு ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரிக்காதீர்கள். இந்த மாதிரித் தொகுப்பில் முதல் வேலையே பிரிக்காமல் இருப்பதுதான்.

காரணத்தை ஓர் உண்மையான வாழ்க்கையை வைத்துச் சொல்கிறேன். இசை ஆய்வாளர் பவுல் நெட்ல் 1889-இல், இன்று செக் நாட்டில் இருக்கும் வட பொஹிமியாவில் பிறந்தார். ஊரின் பெயர் ஜெர்மனில் ஹோஹெனெல்பெ, செக்கில் வர்ஹ்லாபி. பிராக்கின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் இசை வரலாறு கற்பித்தார். ஓலோமோட்ஸ் ஆயர் கார்ல் லீக்டென்ஷ்டைன் 17-ஆம் நூற்றாண்டில் க்ரோமியெர்ஷீஷ் மாளிகையில் வைத்திருந்த இசைக்குழுவைப் பற்றி எழுதினார். மொஸார்ட்டுக்கும் பொஹிமியாவுக்கும் இருந்த உறவைப் பற்றி எழுதினார். யூதர் என்பதால் நாஜிகள் வந்தபின் அங்கே இருக்க முடியவில்லை. 1939-இல் அமெரிக்கா போனார், 1946 முதல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார், 1972-இல் ப்ளூமிங்டனில் காலமானார். (1981–82-இல் சென்னையில் தங்கிக் கர்நாடக இசை உலகை ஆராய்ந்த புரூனோ நெட்ல் இவருடைய மகன்.) இப்படி ஒருவரை ஜெர்மன் அறிஞர் என்பதா, செக் அறிஞர் என்பதா, யூத அறிஞர் என்பதா, அமெரிக்கப் பேராசிரியர் என்பதா? நான்கும் சரி. மொழிவாரியாகப் பிரித்தால் அந்த வாழ்க்கையைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறோம்.

பெட்டிக்குள் இது எப்படித் தெரியும் என்று பாருங்கள். ஒரு பழைய உறைக்குள் மூன்று தாள்கள். ஒன்று, பிர்னோவிலிருந்து ஒரு நண்பர் 1947-இல் செக் மொழியில் கேட்ட சந்தேகம். இரண்டாவது, பேராசிரியர் 1920-களில் ஜெர்மன் குறிப்புகளோடு படியெடுத்து வைத்திருந்த ஒரு சொனாட்டா. மூன்றாவது, அவர் அமெரிக்கத் தாளில் தட்டச்சு செய்து அனுப்பிய பதிலின் கார்பன் காப்பி. சேர்ந்திருக்கும்வரை இது ஒரு கேள்வி, ஓர் ஆதாரம், ஒரு பதில். மூன்று மொழிப்பெட்டிகளுக்குப் போனபின் வெறும் மூன்று தாள்கள். யாராலும் திரும்பச் சேர்க்க முடியாது.

ஆகவே வந்த நிலையிலேயே ஒவ்வொரு பெட்டியையும் மேலிருந்து படம் எடுங்கள். பெட்டிக்கு எண், உள்ளே இருக்கும் கட்டுக்கு எண், அவ்வளவுதான். 2பி பென்சிலால், தாளின் பின்பக்கம் கீழ் ஓரத்தில், அழுத்தாமல். பேனா வேண்டாம், ஒட்டும் சீட்டு வேண்டாம். பேரப்பிள்ளைகளிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பெட்டி எழுதுமேஜைக்குப் பக்கத்தில் இருந்தது, எது பரணில் இருந்தது, வீடு மாறியபோது யார் அடுக்கினார்கள். ஒரு பெட்டியின் ஒழுங்கு அவர் வைத்ததா, மருமகள் அவசரத்தில் திணித்ததா என்பதைப் பொறுத்துத்தான் அந்த ஒழுங்குக்கு மதிப்பு.

அடுத்தது தனிமைப்படுத்துதல். 11 பெட்டிகளையும் மற்ற நூல்கள் இருக்கும் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். ராமபாணப் பூச்சி, புத்தகப் புழு, பூஞ்சை மூன்றையும் தேடுங்கள். பூச்சி உயிரோடு இருந்தால் தாள்களை மட்டும் பாலித்தீன் பையில் காற்று குறைத்து மூடி, மைனஸ் 30 டிகிரியில் 3 நாள், அல்லது மைனஸ் 20-இல் குறைந்தது ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த தாளில் ஈரம் படியும். கண்ணாடி நெகடிவ், ஒலித்தட்டு, நாடா எதையும் உறையவைக்க வேண்டாம். பூஞ்சைக்கு ஈரத்துணி போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அது வித்துகளைத் தாளுக்குள் தேய்த்துவிடும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் அறையில் உலரவிட்டு, பூஞ்சை பொடியாக ஆனபின், என்95 முகக்கவசத்தோடு, மென்மையான ஆட்டுமுடித் தூரிகையால், நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சியின் வாய்க்குள் தள்ளுங்கள். ஒரு பெட்டி நனைந்தே வந்திருந்தால் பிரித்துக் காயவைக்க முயலாதீர்கள். இரண்டு நாளுக்குள் பூஞ்சை ஆரம்பித்துவிடும். அதிலுள்ள தாள்களை உறையவைத்துவிட்டு நிதானமாக யோசியுங்கள். 2002 ஆகஸ்டில் வல்தாவா ஆறு பிராக் நகருக்குள் புகுந்தபோது நனைந்த நூல்களையும் ஆவணங்களையும் அப்படித்தான் உறையவைத்துக் காப்பாற்றினார்கள். உலர்த்தும் வேலை வருடக்கணக்கில் நடந்தது.

இனி எழுத்து, மை, தாள். இதில்தான் மத்திய ஐரோப்பியத் தொகுப்புகளுக்கு என்றே சில ஆபத்துகள் இருக்கின்றன.

காப்பியிங் பென்சில் முதல் ஆபத்து. சென்ற நூற்றாண்டின் முதல் பாதியில் அந்தப் பகுதியில் எல்லோர் சட்டைப்பையிலும் இது இருந்தது. செஸ்கே புடியோவிட்ஸெ ஊரின் ஹார்ட்முத் தொழிற்சாலையும் செய்தது. பார்க்கச் சாதாரணக் கரிப்பென்சில் மாதிரியே சாம்பல் நிறம். ஆனால் கிராஃபைட்டோடு அனிலின் சாயம் கலந்தது. ஒரு துளி ஈரம் பட்டால் கத்தரிப்பூ நிறத்தில் கரைந்து ஓடும். உருப்பெருக்கியில் பாருங்கள்: கோட்டின் ஓரத்தில் எங்காவது ஊதாப் புள்ளி தெரிகிறதா? வேர்வைக் கை பட்ட இடத்தில், நாக்கில் தொட்டு எழுதிய முதல் எழுத்தில் ஊதா ஏறியிருக்கும். ஒரே ஒரு இடத்தில் தெரிந்தாலும் அந்தக் கட்டு முழுவதையும் ஈரம் படக்கூடாதது என்று குறித்துவிடுங்கள். சுருண்ட இசைத்தாளை நிமிர்த்த ஈரக்காற்றுப் பெட்டியில் வைக்கும் வழக்கம் உண்டே, அதை இந்தத் தாளுக்குச் செய்தால் சுரத்தின் மேல் எழுதிய விரலெண், திருத்தம் எல்லாம் ஊதாக் கறையாகிவிடும்.

இரண்டாவது, இரும்பு மாசிக்காய் மை (iron gall ink). பேராசிரியர் பழைய கையெழுத்துப் படிகளைச் சேர்த்திருந்தால் அவற்றில் இது இருக்க வாய்ப்பு அதிகம். புதிதில் கறுப்பு, பிறகு பழுப்பு. மையின் அமிலமும் இரும்பும் தாளை உள்ளிருந்து அரிக்கும். இசைத்தாளில் இந்த அரிப்புக்கு ஒரு தனி முகம் உண்டு: நிரப்பி எழுதிய கறுத்த தலையுள்ள சுரங்களில் மை அதிகம், அவைதான் முதலில் வெடித்து உதிரும். வெறும் வளையமாக எழுதிய நீண்ட சுரங்கள் நின்றுவிடும். பெர்லின் நூலகத்தில் உள்ள, இசையமைப்பாளர் பாக்கின் (Bach) கையெழுத்துப் படிகள் இதே நோயால்தான் மோசமாகப் பாதிக்கப்பட்டன. தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சுரத்தலைகள் பழுப்பு வட்டங்களாகத் தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. அதற்கும் ஈரம் கூடாது. ஈரத்தில் இரும்பு அயனிகள் மை இல்லாத இடத்துக்கும் பரவும். அந்தத் தாளை வளைக்காமல், கீழே ஒரு கெட்டி அட்டை கொடுத்து, தனி உறையில் வைத்துவிட்டுத் தேர்ந்த பாதுகாப்பாளரிடம் கொடுங்கள். நீங்களாக மருந்து போட வேண்டாம்.

மூன்றாவது, போர்க்காலத் தாள். மரக்கூழில் செய்த மலிவுத் தாளும் வெங்காயச் சருகு போன்ற விமான அஞ்சல் தாளும். மடிப்பில் உடையும். நான்காக மடித்த கடிதத்தை ஒரே இழுப்பில் திறக்காதீர்கள். முதல் மடிப்பைத் திறந்து, ஒரு நாள் விட்டு, அடுத்ததைத் திறங்கள். கிழிந்தாலும் செல்லோ டேப் ஒட்டக் கூடாது. டேப்பின் பசை தாளுக்குள் இறங்கி மஞ்சளாகி, சில வருடத்தில் டேப் கழன்றுவிடும், கறை மட்டும் நிற்கும். கிழிந்த கடிதத்தை பாலியெஸ்டர் உறையில் இரண்டு ஓரம் திறந்திருக்குமாறு வைத்தால் போதும். நான்கு பக்கமும் மூடி முத்திரையிட்டால் தாளின் சொந்த அமிலம் உள்ளேயே சிக்கி இன்னும் வேகமாக நொறுங்கும். லாமினேஷன் என்ற பேச்சே வேண்டாம்.

ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின் எல்லாம் துருப்பிடித்திருக்கும். பின்னின் கால்களுக்கும் தாளுக்கும் இடையில் மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகி, மழுங்கிய தகட்டால் ஒவ்வொரு காலாக நிமிர்த்தி எடுங்கள். நேராகப் பிடுங்கினால் துருவோடு தாளும் வரும். எடுத்தபின், சேர்ந்திருந்த தாள்கள் சேர்ந்தே இருக்க ஓர் அமிலமற்ற மடிப்புத்தாளுக்குள் போடுங்கள். ரப்பர் பேண்ட் உருகி ஒட்டியிருந்தால் அது முழுக்கக் காய்ந்து உடைவதாக இருந்தால் மட்டும் சுரண்டலாம். பிசுபிசுப்பாக இருந்தால் கை வைக்காதீர்கள்.

உறைகளைத் தூக்கி எறிவதுதான் நான் அதிகம் கவலைப்படும் விஷயம். நாடு கடந்தவர்களின் தொகுப்பில் உறை பாதி ஆவணம். கடிதத்தில் தேதி இருக்காது, உறையில் அஞ்சல் முத்திரை இருக்கும். தணிக்கையாளர் வெட்டிப் பிரித்து ஒட்டிய பட்டை இருக்கும்; அதில் அவர் எண் இருக்கும். 1941 டிசம்பருக்குப் பிறகு அமெரிக்காவுக்கும் ஜெர்மன் பிடியிலிருந்த பொஹிமியாவுக்கும் இடையே நேரடி அஞ்சல் இல்லை. அப்போது செஞ்சிலுவைப் படிவத்தில் 25 சொல்லுக்குள் செய்தி அனுப்புவார்கள், பதிலை அதே படிவத்தின் பின்பக்கம் எழுதித் திருப்புவார்கள். அந்தப் படிவம் ஒன்று கிடைத்தால் இரண்டு பக்கத்தையும் முத்திரைகளோடு படமெடுங்கள். 25 சொல்லில் ஒருவர் தன் அம்மா "பயணம்" போய்விட்டதாக எழுதியிருந்தால் நாஜி முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது அந்தச் சொல்லின் பொருளாக இருக்கலாம். தபால்தலைக்காக உறையின் மூலையை வெட்ட எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

தேதியில் ஒரு பெரிய பொறி. பிராக்கில் இருந்தவரை 5. 6. 1938 என்றால் ஜூன் 5. அமெரிக்காவில் சில வருடம் இருந்தபின் அதே கை 5/6/1948 என்று எழுதினால் மே 6 ஆகவும் இருக்கலாம். பல பேர் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவார்கள், அப்போது குழப்பமில்லை. செக் மாதப்பெயர்களில் ஜூனும் ஜூலையும் 'செர்வென்', 'செர்வெனெட்ஸ்' என்று கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அவசரக் கையெழுத்தில் வால் விழுந்துவிடும். ஐயமிருந்தால் பட்டியலில் தேதியைச் சதுர அடைப்புக்குள் போட்டு, ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

பெயர்களும் அப்படித்தான். ஒரே ஊருக்குச் செக்கில் ஒரு பெயர், ஜெர்மனில் ஒரு பெயர்: பிர்னோ – ப்ரூன், ஓலோமோட்ஸ் – ஓல்மூட்ஸ், க்ரோமியெர்ஷீஷ் – க்ரெம்ஸியர். கடிதத்தில் உள்ளபடி ஒன்றும், இன்றைய பெயர் ஒன்றும் இரண்டையும் எழுதுங்கள். செக் வழக்கத்தில் பெண்ணின் குடும்பப்பெயர் பெரும்பாலும் 'ஓவா' என்று முடியும்: கணவர் நோவாக் என்றால் மனைவி நோவாகோவா. அமெரிக்கா போனபின் அவரே 'நோவாக்' என்று கையொப்பமிடுவார். இது தெரியாமல் ஒரே பெண்ணின் கடிதங்களை இரண்டு பேருடையதாக வைத்த பட்டியல்கள் உண்டு. அகரவரிசையிலும் செக்கில் 'ch' என்ற இரட்டை எழுத்து 'c' வரிசையில் வராது, 'h' முடிந்தபின் வரும். கொக்கி போட்ட č, ř, š, ž வரிசையில் தனி எழுத்துகள். பட்டியலில் அந்தக் கொக்கிகளை விடாமல் எழுதுங்கள். ஜெர்மன் கடிதங்களில் வயதானவர்கள் எழுதியவை குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து முறையில் இருக்கும். இன்றைய ஜெர்மானியர் பலருக்கே அது படிக்க வராது. படிக்கத் தெரிந்தவர் கிடைக்கும்வரை "ஜெர்மன், குர்ரெண்ட், படிக்கப்படவில்லை" என்று எழுதி வைப்பது, ஊகித்துத் தப்பாக எழுதுவதைவிட நல்லது.

இனி இசை ஆய்வாளருக்கே உரிய பகுதி: குறிப்பு அட்டைகள். அநேகமாக 7.5 × 12.5 சென்டிமீட்டர் நூலக அட்டை அல்லது 10.5 × 14.8 சென்டிமீட்டர் ஐரோப்பிய அட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பாடலின் தொடக்கச் சுரங்கள், எந்த நூலகம், எந்த எண். இவைதான் அவர் மூளையின் வரைபடம். ஒரு அட்டையைக்கூட இடம் மாற்றாதீர்கள். தலைகீழாக நிற்கும் அட்டை, பக்கவாட்டில் திருப்பிய அட்டை எல்லாம் அவர் வைத்த அடையாளமாக இருக்கலாம். இழுப்பறையை மேலிருந்து படமெடுத்து, பிறகு வரிசையாக எண்ணிட்டு, அதே வரிசையில் அமிலமற்ற அட்டைப்பெட்டிக்கு மாற்றுங்கள். போருக்கு முன் அவர் பார்த்து எழுதிய மூலப்படிகளில் சில இன்று இல்லாமல் போயிருக்கலாம், இடம் மாறியிருக்கலாம். அப்படியானால் பென்சிலில் எழுதிய அந்தப் படிதான் மிச்சமிருக்கும் ஒரே சான்று. இதைச் சரிபார்க்க 1952-இல் தொடங்கிய உலக இசைமூலப் பட்டியலான ரிஸ்ம் தரவுத்தளத்தில் தொடக்கச் சுரங்களைக் கொடுத்துத் தேடலாம். ரிஸ்மில் இல்லாத தொடக்கம் வந்தால் அந்த அட்டைக்கு உடனே ஒரு கொடி வையுங்கள்.

தனிப்படிகள், அதாவது கட்டுரைகளின் தனி அச்சுகள், நூற்றுக்கணக்கில் இருக்கும். "இந்தச் சஞ்சிகை நம் நூலகத்திலேயே இருக்கிறது" என்று சொல்லிக் கழிக்கச் சொல்வார்கள். முதல் பக்கத்தில் கையொப்பமிட்ட அன்பளிப்பு வரி, ஓரத்தில் குறிப்பு, இரண்டில் ஒன்று இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லாதவற்றைப் பட்டியலிட்டுவிட்டுக் கழிக்கலாம், பட்டியல் போதும்.

ஒலிப்பகுதியைத் தள்ளிப்போடாதீர்கள், தாள் காத்திருக்கும், ஒலி காத்திருக்காது. அலுமினியத் தட்டின் மேல் அரக்குப் பூசிய வீட்டு ஒலித்தட்டுகளில் வெள்ளைப் பொடி படிந்தால் அரக்கிலிருந்து எண்ணெய்ப்பகுதி வெளியேறுகிறது என்று பொருள். அடுத்து அரக்கு சுருங்கி வெடித்துச் செதில் செதிலாக எழும். "ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று ஊசி வைக்காதீர்கள், அந்தத் தடவையே கடைசியாகலாம். நிற்கவைத்து, சாய்க்காமல், சிறப்பு நிலையத்துக்கு அனுப்புங்கள். நாடாவை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்: சுருள் வழியே வெளிச்சம் கசிந்தால் அசிடேட், கறுப்பாக நின்றால் பாலியெஸ்டர். அசிடேட் நாடாவிலோ படச்சுருளிலோ வினிகர் வாசனை வந்தால் சிதைவு ஆரம்பித்துவிட்டது, ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தொற்றும், தனியே எடுங்கள். பாலியெஸ்டரில் 1970-களிலிருந்து வந்த சில நாடாக்கள் பிசுபிசுக்கும். அவற்றை நிபுணர்கள் சுமார் 54 டிகிரியில் பல மணி நேரம் சூடாக்கி ஓட்டுவார்கள். அசிடேட்டை ஒருபோதும் அப்படிச் சூடாக்கக் கூடாது. எண்ணிமமாக்கும்போது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் கேளுங்கள். எம்பி3 மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள்.

தாள்களைப் படமெடுக்க 400 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 400 படப்புள்ளி), வண்ணம், சுருக்காத டிஃப் (TIFF) கோப்பு. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் நீல பென்சிலுக்கும் சிவப்பு பென்சிலுக்கும் வித்தியாசம் போய்விடும். இசைத்தாளில் அந்த வித்தியாசம்தான் எது பழைய திருத்தம், எது புதியது என்று சொல்லும். ஒரு ஏ4 பக்கம் ஏறத்தாழ 46 மெகாபைட் வரும். 5,000 பக்கம் என்றால் 230 கிகாபைட். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் (checksum) எழுதிவைத்து வருடம் ஒருமுறை ஒப்பிடுங்கள்.

வைக்கும் இடம்: 18 டிகிரி, 35 முதல் 50 சதவீத ஈரப்பதம். எண்ணைவிட முக்கியம் அது ஏறி இறங்காமல் இருப்பது. தாள், உறை, பெட்டி மூன்றும் அமிலமற்றவை, 2 சதவீதம் கால்சியம் கார்பனேட் சேமிப்பு உள்ளவை. புகைப்படத்துக்கு மட்டும் அந்தச் சேமிப்பு இல்லாத தாள். பெட்டியை முக்கால் பங்குக்கு நிரப்பி விட்டால் தாள் சரிந்து சுருளும். காலியிடத்தில் மடித்த அட்டையைச் செருகுங்கள். 1980-களின் தொலைநகல் தாள் ஏதாவது இருந்தால் உடனே படமெடுங்கள், அந்த எழுத்து மங்கிக்கொண்டேயிருக்கும்.

உரிமை பற்றி: தாள் உங்களுடையது ஆகலாம், எழுத்து ஆகாது. அவருக்கு மற்றவர் எழுதிய கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும். பெரும்பாலும் மறைவுக்குப் பின் 70 வருடம். 1972-இல் காலமானவரின் எழுத்து என்றால் 2042 முடியும்வரை. குடும்பத்தோடு எழுதும் நன்கொடைப் பத்திரத்தில் தாளின் உடைமை, பதிப்புரிமை, இணையத்தில் போடும் அனுமதி மூன்றையும் தனித்தனி வரியில் கேளுங்கள். 1948-இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தபின் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து எழுதியவர்கள் கடிதம் பிரிக்கப்படும் என்று தெரிந்தே எழுதினார்கள்: புனைபெயர், முதலெழுத்து, "நம் நண்பர்". யார் யார் என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டாலும், அவர்கள் உயிரோடு இருக்கலாம் என்றால் பட்டியலில் போடாமல் தனிக் கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பு எந்த வருடம் திறக்கப்படும் என்று பெட்டியிலேயே எழுதுங்கள்.

வெளியே தகவல் கொடுக்க வேண்டிய இடங்கள் உண்டு. தொகுப்பை அனுப்ப வேண்டாம், பட்டியலை அனுப்பினால் போதும்: பிராக்கில் தேசிய அருங்காட்சியகத்தின் செக் இசை அருங்காட்சியகம், இசையமைப்பாளர் யானாசெக்கின் ஆவணங்களை வைத்திருக்கும் பிர்னோவின் மொராவிய அருங்காட்சியகம், ஜெர்மன் பேசிய யூதர்களின் தாள்களைச் சேர்க்கும் நியூயார்க்கின் லியோ பேக் நிறுவனம், விரட்டப்பட்ட இசையாளர்களுக்கான வியன்னாவின் எக்ஸிலார்ட்டே மையம். நீங்கள் 'பெறுநர்' என்று வைத்திருக்கும் கடிதத்தின் மறுபாதி இவற்றில் எங்காவது 'அனுப்புநர்' என்று கிடக்கலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: படம், எண், தனிமை, ஒலித்தட்டுகளை நிற்கவைத்தல். அசிடேட் நாடா, படச்சுருள் பெட்டிகளில் அமிலம் காட்டும் ஏ-டி பட்டை ஒன்றை வைத்து மூடுங்கள். நீலமாகவே இருந்தால் நேரம் இருக்கிறது. பச்சைக்கு மாறினால் அந்தப் பெட்டி வரிசையில் முதலாவது.